ஊர் சொல்லாத பனி

அந்தக் காலத்தில் வெண்பனி பேசிக்கொண்டேதான் விழும். மங்குல் என்ற மேகம் சின்னஞ்சிறு துண்டாகத் தன் தாயின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு திரிந்த நாளில், முதன்முதலாகக் கேட்ட சத்தம் அதுதான். பித்தளைத் தாம்பாளத்தில் யாரோ எள்ளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரித்துவிடுவது போல இருந்தது. காது பழகிய பிறகு அதற்குள் சொற்கள் கேட்டன. "வேதாரண்யத்து உப்பு." "செஞ்சிப் புழுதி." "தேனிப் பக்கத்து முருங்கைப் பூ." ஒவ்வொரு பனிப்பூவும் கீழே தொடும்போது தன் ஊரைச் சொல்லிவிட்டுத்தான் உட்காரும்.

அந்தக் காலம் என்றதும் வெகுதூரம் என்று எண்ண வேண்டாம். மேகமும் காற்றும் மலையும் பேசிக்கொண்ட காலம்தான். ஆனால் மலையின் வயதுக்கு அது நேற்றுச் சாயங்காலம்.

வெறும் நீர் பூவாகிவிடாது. உறையும் துளி நடுவில் பற்றிக்கொள்ள ஒரு துகள் வேண்டும். உப்போ, புழுதியோ, மகரந்தமோ, சாம்பலோ, எதுவானாலும் சரி. அதை மேகங்கள் விதை என்று சொல்லும். விதை கொண்டுவந்து கொடுப்பது சோழகனின் வேலை. தெற்கிலிருந்து வரும் காற்றைக் கடற்கரைக்காரர்கள் சோழகம் என்பார்கள் அல்லவா, அவன்தான்.

வடக்கே, எந்நாளும் வெள்ளையாக இருக்கும் மலையில், இரண்டு சிகரங்களுக்கு நடுவே பனியாற்றுப் பெரியவர் படுத்திருந்தார். வந்து விழும் ஒவ்வொரு பூவையும் "எந்த ஊரு?" என்று கேட்பார். கேட்டு நினைவில் வைத்துக்கொள்வார். வேனிலில் பூ உருகும்போது, அதன் விதையை உரிய ஓடையில் இறக்கி, உரிய காற்றில் ஏற்றி, பிறந்த இடத்துக்கே அனுப்பிவைப்பார். ஊர் சொல்லத் தெரியாத விதையை மட்டும் அவர் சேர்த்துக்கொள்வதில்லை. தோளை ஒருமுறை குலுக்குவார். அது பாறைப் பள்ளத்தில் போய் விழும். அதைச் சுமந்து வந்த பூவும் சேர்ந்து விழுந்து நொறுங்கும்.

மங்குல் வளர்ந்து, தனக்கென்று நீர் சுமந்து, அந்த மலைக்கு வந்தாள். வழியெல்லாம் வெயில் குடித்தது போக மிச்சமிருந்த துளிகளுக்குச் சோழகன் விதை கொடுத்துக்கொண்டே வந்தான். கடைசியில் ஒரே ஒரு துளி மட்டும் வெறுமனே நின்றது.

"தம்பி, இன்னும் ஒண்ணே ஒண்ணு இருந்தாப் போதும்" என்றாள் மங்குல்.

"இல்லக்கா. மடியைத் தட்டிக் கொட்டிட்டேன். ஒரு துளிதானே, போனாப் போகுது."

"காத்துலயே காஞ்சு போயிரும்டா அது. நீ பெத்திருந்தா இப்படிப் பேசுவியா?"

சோழகன் முனகிக்கொண்டே மடியை மறுபடியும் உதறினான். ஏதோ ஒன்று உதிர்ந்தது. நீல நிறம். கண் இமை மயிரில் பாதிகூட இல்லாத ஓர் இழை.

"ஐயையோ, இது எப்ப ஏறிச்சு?" என்று அவனே பின்வாங்கினான். "நைலான்க்கா. மீன்வலையிலேர்ந்து பிஞ்சது. நமக்கு வேண்டாம், கீழ போடுங்க."

மங்குல் அதைக் கீழே போடவில்லை. குனிந்து, "எந்த ஊரும்மா நீ?" என்று கேட்டாள்.

"தெரியலையே" என்றது இழை. அதன் குரல் அதைவிட மெலிதாக இருந்தது. "மண்ணுக்கு அடியில எண்ணெயா கிடந்தேனாம். தோண்டி எடுத்துக் காய்ச்சி, நூலா இழுத்துட்டாங்க. வலையில இருந்தவரைக்கும் ஒரு குறையும் இல்ல. சூசையம்மான்னு ஒருத்தி, கிழிஞ்ச இடமெல்லாம் மடியில போட்டுக் கட்டுவா. வாயில ஏதாவது பாட்டு ஓடிக்கிட்டே இருக்கும். வலை பழசானதும் மணல்ல விட்டுட்டுப் போயிட்டாங்க. வெயில்ல நொறுங்கி இவ்வளவாயிட்டேன். மண்ணுகிட்டப் போனேன், உன்னை எனக்கு அடையாளமே தெரியலைன்னு சொல்லிருச்சு. கடல் என்னைக் கரையிலேயே துப்பிருச்சு. நெருப்பு மூக்கைப் பொத்திக்குச்சு. கூட இருந்த இலை, ஓலை, மீன்முள்ளு எல்லாம் மக்கிப் போயிருச்சு. எனக்கு அது எப்படின்னு தெரியலக்கா."

மங்குல் வேறெதுவும் கேட்கவில்லை. அந்தக் கடைசித் துளியை எடுத்து இழையின் மேல் மெல்ல வைத்தாள்.

துளி உறைந்தது. ஐந்து கைகள் அளவாக முளைத்தன. ஆறாவது கை மட்டும் இழையின் போக்கிலேயே நீண்டு, கோணலாக வெளியே நின்றது. அவ்வளவு அழகான பூவை மங்குல் அதுவரை பெற்றதில்லை. அல்லது கடைசிப் பிள்ளை என்பதால் அவளுக்கு அப்படித் தோன்றியிருக்கலாம்.

மற்றப் பூக்கள் சும்மா இருக்குமா?

"ஏய் கோணக்கை! பெரியவர் கேட்டா என்னடி சொல்லுவ?" என்றாள் உப்புப் பூ.

"நைலான்பட்டின்னு சொல்லுவா!" என்றாள் முருங்கைக்காரி. மேகம் முழுக்கச் சிரிப்பு உருண்டது. கோணக்கைக்காரி தன் நீண்ட கையை மற்றக் கைகளுக்குள் மறைத்துக்கொள்ளப் பார்த்தாள். அது மறையவில்லை.

சோழகனுக்கு மனசு கேட்கவில்லை. "பொய் சொல்லிரலாம்க்கா. ராமேஸ்வரம்னு சொல்லச் சொல்லுங்க."

"சொன்னா, வேனில்ல ராமேஸ்வரத்துக்கே அனுப்பிருவார். கரையிலதான் இதை யாருமே சேத்துக்கலையே. மறுபடி அங்கயா?" மங்குல் கீழே பார்த்தாள். பனியாற்றின் அகன்ற தோள் தெரிந்தது. அதன் ஓரத்தில் பள்ளமும் தெரிந்தது. "பேசாம விழுந்தாலும் தப்பிக்க முடியாது. அத்தனை பேர் பேசுற இடத்துல பேசாத ஒருத்தி உடனே தெரிஞ்சுபோவா."

பிள்ளைகள் பக்கம் திரும்பி அவளே சொன்னாள்: "எல்லாருமே பேசாம விழுந்தா தெரியாது."

சிரிப்பு நின்றது.

"அப்ப நாங்க எப்படித் திரும்பிப் போறது?" என்று உப்புப் பூ கேட்டாள். குரலில் இப்போது கேலி இல்லை. "ஊரைச் சொன்னாத்தானே அனுப்புவார்?"

"அதுக்கு என்கிட்டப் பதில் இல்லம்மா. செய்யுங்கன்னு சொல்லலை, செய்வீங்களான்னு கேக்குறேன்."

 முதலில், ஏதோ ஒரு வீட்டு அடுப்புச் சாம்பலில் பிறந்த பூ, "என் அடுப்பை இடிச்சுட்டாங்களாம். நான் பேசலை" என்றாள். பிறகு செஞ்சிப் புழுதி, "நானும்" என்றாள். முருங்கைக்காரி தலையை ஆட்டினாள். உப்புப் பூ நெடுநேரம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள். பிறகு, கோணக்கைக்காரியின் நீண்ட கையை வெடுக்கென்று பிடித்து, "வா, என் பக்கத்துலயே விழு. வாயைத் தொறந்த, கிள்ளிருவேன்" என்றாள்.

அப்படியே விழுந்தார்கள். ஒரு சொல் இல்லை.

"எந்த ஊரு?" என்றார் பனியாற்றுப் பெரியவர்.

பூக்கள் அவர்மேல் வந்து படிந்தன.

"எந்த ஊருன்னு கேட்டேன்!"

பதில் இல்லை. அவர் அசையாமல் கவனித்தார். நெற்றியிலும் தோளிலும் கனம் ஏறுவது தெரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. மெதுவாக மேலே பார்த்தார்.

"மங்குல், உன் பிள்ளைங்க ஏதாவது சொல்றாங்களா?"

உண்மையைச் சொல்ல மங்குலுக்கு அப்போதும் நேரம் இருந்தது. தன் கடைசிப் பிள்ளை அவர் தோளின் விளிம்பில், உப்புப் பூவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"சொல்றாங்க பெரியவரே. எல்லாருமே சொல்றாங்க."

"அப்படியா?" என்றார் அவர்.  "அப்ப சின்னக் குரல் கேக்குற காதுதான் போயிருச்சு எனக்கு. பிள்ளைகளைக் குத்தம் சொல்ல முடியுமா?" குலுக்குவதற்காக உயர்த்திய தோளை, ஒரு பூவும் நழுவிவிடாதபடி மெல்ல இறக்கிக்கொண்டார். அதன்பின் அவர் யாரையும் கேட்கவில்லை. யாரையும் உதறவும் இல்லை.

வேனில் வந்தது. யார் எந்த ஊர் என்று தெரியாமல், எல்லாரையும் ஒரே ஆற்றில் இறக்கிவிட்டார். உப்பு ஒரு கோதுமை வயலில் போய்த் தங்கியது. முருங்கை மகரந்தம் கடலுக்குப் போனது. ஊர் கேட்காத இடம் ஒன்று வடக்கே இருக்கிறது என்ற பேச்சு மட்டும் காற்றோடு காற்றாகப் பரவியது. கிழிந்த சாக்கின் நூல், துவைத்துத் துவைத்துத் தேய்ந்த சட்டையின் இழை, கேரிபேக்கின் துணுக்கு, லாரி டயரின் தூள் என்று, போக்கிடம் இல்லாதவை எல்லாம் காற்றின் மடியைப் பிடித்துக்கொண்டு கிளம்பின. மற்ற மேகங்களும் தங்கள் பிள்ளைகளிடம் வாய் திறக்காதீங்க என்று சொல்லி அனுப்பப் பழகின.

அன்றிலிருந்துதான் வெண்பனி ஓசையில்லாமல் விழுகிறது. மனிதர் கால் படாத மலையுச்சியிலும், ஆளில்லாத துருவத்திலும், அள்ளிய பனியை உருக்கிப் பார்த்தால் அடியில் ஒரு நீல இழையோ சிவப்பு இழையோ தங்குவதும் அன்றிலிருந்துதான்.

கோணக்கைக்காரி அந்த வேனிலிலேயே உருகி, உப்புப் பூவோடு ஆற்றில் இறங்கிப் போனாள். இழை போகவில்லை, பெரியவர் தோளிலேயே தங்கிவிட்டது.