சுவருக்கு அந்தப் பக்கத்துக் கிளை

குளிர் விலகாத மலையூர் ஒன்றில், வெகுகாலத்துக்கு முன்னால், சாத்தப்பன் என்றொரு மிளகு வணிகன் இருந்தான். செல்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் உயிரையே வைத்திருந்தது கொல்லைச் சுவரோரம் நின்ற ஓர் ஆப்பிள் மரத்தின்மேல்தான். செத்துப்போன மனைவி நட்ட மரம், அய்யா! அடுப்புச் சாம்பல் மரத்துக்கு நல்லது என்று அவள் சொல்லக் கேட்டிருந்தான். நாள் தவறாமல் தன் பக்கத்து வேரடியில் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினான்.

ஒரு வருஷம் துளிர் இலைகள் வெளுத்தன. நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள். சாத்தப்பன் இன்னும் சாம்பல் போட்டான். இலைகள் இன்னும் மஞ்சளாயின.

சுவருக்கு அந்தப் பக்கம் உலகாயி இருந்தாள். புருஷனை இழந்தவள், துணிக்குச் சாயம் காய்ச்சிப் பிழைப்பவள். "இவள் ஊற்றுகிற சாயத்தண்ணீர்தான் என் மரத்தைக் கொல்கிறது" என்று சாத்தப்பன் ஊர்ச்சபையில் வாய் கூசாமல் சொன்னான். பணக்காரன் பேச்சல்லவா, சபையும் தலையாட்டியது. வெள்ளிக்கிழமைக்குள் ஊரைவிட்டுப் போய்விடு என்று அவளுக்குத் தீர்ப்பானது.

"என் பக்கத்துக் கிளையை வந்து பாருங்கண்ணே" என்று சபையிலேயே கெஞ்சினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டான். சந்தையில் கெஞ்சினாள். காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் மூட்டையோடு அவன் வாசலில் வந்து நின்றாள்.

"போகத்தான் போறேன். ஒரு தடவை பாத்துட்டு அனுப்புங்கண்ணே."

போனான். சுவரைத் தாண்டி நீண்டிருந்த கிளையில் துளிர்கூடக் கரும்பச்சை. சாயத்தண்ணீர் ஓடும் கால்வாயோ அதற்கு நேர் கீழே, அந்தப் பக்கத்து வேரை ஒட்டி. தண்ணீரில் விஷம் இருந்தால் முதலில் வாட வேண்டியது இந்தக் கிளையல்லவா? தன் பக்கத்தில் மட்டும் அப்படி என்ன இருக்கிறது? குனிந்து தன் கையைப் பார்த்தான். நகக்கண்ணெல்லாம் சாம்பல், அளவு தெரியாமல் அவனே கொட்டிய சாம்பல்.

பாவி மனுஷன், அங்கேயே உட்கார்ந்து அழுதான். பிறகு எழுந்து சபைக்குப் போனான்.

"மரத்தைக் கெடுத்தவன் நான். பழி சொன்னவன் நான். ஊரைவிட்டுப் போக வேண்டியவனும் நான்தான்" என்றான்.

பின்னாலேயே வந்திருந்த உலகாயி மூட்டையை இறக்கி வைத்தாள். "யாரும் போக வேண்டாம். முதல்ல அந்தச் சாம்பலை வாரி எறியுங்க" என்றாள்.

அடுத்த பருவத்தில் மரம் மெல்லப் பச்சை பிடித்தது. சாத்தப்பன் முதல் பழத்தை அவளிடம்தான் கொண்டுபோனான். அவளும் வாங்கிக்கொண்டாள். ஆனால் "ஐயா" என்றுதான் சொன்னாள். அண்ணே என்று அவள் அப்புறம் கூப்பிடவே இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்: அடுத்தவர்மேல் பழி போடும் முன்னால் நம் கை என்ன செய்தது என்று பார்த்துவிட வேண்டும்.