இரண்டு அட்டை குறைவு

அன்று காலை நஸீர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டான். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் அவனுடைய நான்கு மாதப் பயிற்சிக்கு அன்றுதான் பாதி வழி மதிப்பீடு. தேறாவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

மதிப்பெண் போடுகிறவர் தலைமை மருந்தாளர் கோமதி மேடம். அதிகம் பேசமாட்டார். பேசாததையெல்லாம் எழுதிவிடுவார். எட்டு வாரத்தில் நஸீரின் படிவத்தில் பதினொரு தவறுகள் ஏறியிருந்தன, தேதி போட்டு, வரிசை எண் போட்டு. ஏழாவது, லேபிளில் 'சாப்பாட்டுக்கு முன்' என்பது விடுபட்டது. பதினொன்றும் உண்மை. அதனால்தான் பயம்.

அதே படிவத்தின் பின்பக்கத்தில், பயிற்சி பெறுகிறவர் தன் ஆசிரியரைப் பற்றி எழுத வேண்டும். எட்டு வாரத்துக்கும் சேர்த்து நஸீர் ஒரே வரியைத்தான் எழுதியிருந்தான்: குறை ஒன்றும் இல்லை.

கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனான்.

"மேடம், என் மதிப்பீட்டுப் படிவம்..."

"அது கிடக்கட்டும். நல்ல நேரத்துல வந்தீங்க. இதை எண்ணுங்க. நான் ரெண்டு தடவை எண்ணிட்டேன், சரியா வரல."

மேசைமேல் இரண்டு பெட்டிகள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரை. ஒரு பெட்டியில் ஒரு மில்லிகிராம், மற்றதில் ஐந்து. போன மாதம் வந்த புதுச் சரக்கில் இரண்டு அட்டையும் ஒரே வெளிர் நீலம். ஒன்றுக்குப் பதில் ஐந்து போய்விட்டால், பல் தேய்த்தாலே ரத்தம் நிற்காது.

நஸீர் எண்ணினான்.

"ஒரு மில்லி முப்பத்து மூணு. அஞ்சு மில்லி பதினெட்டு."

"நோட்டுல முப்பத்தொண்ணு, இருபது."

இங்கே இரண்டு கூடுதல், அங்கே இரண்டு குறைவு.

"ரெண்டு அட்டை மாறிப் போயிருக்கு" என்றார் மேடம். "போன திங்கக்கிழமை எண்ணினப்போ சரியா இருந்துச்சு. வியாழன், வெள்ளி நீங்க லீவு. நான் எடுத்ததை நானே சரிபார்த்துக் கொடுத்தேன். அதுக்கு முன்னாடி ஒரு வாரம்கூட மாறினதில்லையே."

நஸீர் எண்ணிய அட்டைகளை மறுபடி அடுக்கினான். மேடம் அதற்குள் போனை எடுத்துவிட்டார்.

அந்த இரண்டு நாளில் ஒரு மில்லி வாங்கியவர்கள் மூன்று பேர். முதல் ஆளிடம் அட்டையின் பின்னால் இருக்கிற எண்ணைப் படிக்கச் சொன்னார். ஒன்று. சரி. இரண்டாவது ஆளிடம் ஐந்து. ஆனால் அவரிடம் பழைய மாத்திரை மிச்சம் இருந்தது, புது அட்டையைப் பிரிக்கவே இல்லை. அதைத் தொடாமல் திருப்பிக் கொண்டுவரச் சொன்னார்.

மூன்றாவது பாண்டியம்மாள். மகன்தான் எடுத்தான்.

"அஞ்சுன்னு போட்டிருக்கு மேடம். மூணு நாளா போடுறாங்க. காலையில ஈறுல ரத்தம் வருதுன்னாங்க. பல்லு ஆடுதுபோலன்னு விட்டுட்டோம்."

"இனி ஒண்ணுகூட வேண்டாம். அந்த அட்டையையும் எடுத்துக்கிட்டு, இப்பவே ஆட்டோ பிடிச்சு அவசரப் பிரிவுக்கு வாங்க. நான் வாசல்ல நிக்கிறேன்."

ஆட்டோ வர இருபத்திரண்டு நிமிடம் ஆனது. நஸீர் ஒவ்வொரு நிமிடமாகக் கடிகாரத்தைப் பார்த்தான். பாண்டியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தியபடி இறங்கினாள். முந்தானையில் சிவப்பு.

"இதுக்கெதுக்கும்மா இத்தனை பேரு நிக்கிறீங்க?" என்றாள்.

"மருந்து மாறிப்போச்சும்மா. தப்பு என்னோடது" என்றார் மேடம்.

மகன் முறைத்தான். மேடம் தலை குனிந்து அதை வாங்கிக்கொண்டார்.

ரத்தம் எடுத்துப் பார்த்து ஊசி போட்டார்கள். பயமில்லை, இரண்டு நாள் இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். அதைக் கேட்ட பிறகுதான் இருவரும் மருந்தகத்துக்குத் திரும்பினார்கள்.

நஸீர் உட்காரவில்லை.

"மேடம், அதுக்கு முன்னாடியும் மாறியிருக்கு."

மேடம் நிமிர்ந்தார்.

"சீட்டுல ஒரு மில்லின்னு எழுதியிருந்தும், நீங்க அஞ்சை எடுத்து வச்சிருந்தீங்க. சரிபார்க்கும்போது நான் பார்த்துட்டு மாத்தி வச்சேன். அதான் கணக்கு இடிக்கல."

"எத்தனை தடவை?"

"நாலு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க தப்பே பண்ண மாட்டீங்கன்னு எல்லாரும் சொல்வாங்க மேடம். அதோட..."

"அதோட?"

"எனக்கு மார்க் போடுறது நீங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். அந்த நீல அட்டையைக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார்.

"கண்ணாடி மாத்தணும்" என்றார். "முதல் தடவையே தெரிஞ்சிருந்தா அன்னைக்கே மாத்தியிருப்பேன். இந்த ரெண்டு பெட்டியையும் வேற வேற அலமாரியில வச்சிருப்பேன்."

நஸீர் படிவத்தை அவர் முன்னால் நகர்த்தினான்.

"இதைப் பன்னிரண்டாவதா எழுதிடுங்க மேடம். நான் தேறலைன்னாலும் பரவாயில்லை."

மேடம் அவனுடைய படிவத்தை எடுத்தார். பன்னிரண்டு என்று எண் போட்டு ஒரு வரி எழுதினார். பிறகு தாளைத் திருப்பினார். 'குறை ஒன்றும் இல்லை' என்ற வரியை அடித்துவிட்டு, அதன் கீழே ஒன்றிலிருந்து ஆறுவரை எண் போட்டார். கடைசி இரண்டு எண்களுக்கு எதிரே தேதி போட்டு, மருந்து வாங்கியவர் பெயரையும் எழுதினார். பேனாவை அவன் பக்கம் நகர்த்தினார்.

"அஞ்சும் ஆறும் நான் எழுதிட்டேன். முதல் நாலையும் நீங்க எழுதுங்க."