தோற்றவளின் நாற்காலி

“சென்செய், நான் ஆட்டத்தை நிறுத்திடணுமா, இல்ல தொடரணுமா?” என்று கேட்டாள் சிகுசா.

ஃபுயுமி இரண்டு கைகளாலும் தன் கண்களைப் பொத்திக்கொண்டாள்.

அழுகிறாளோ என்று சிகுசா ஒரு கணம் பதறிப்போனாள். குனிந்து பார்த்தாள். விரல் இடுக்கில் ஈரம் எதுவும் இல்லை. சற்று நேரம் கழித்து ஃபுயுமி கைகளை எடுத்தாள். ஒன்றுமே நடக்காததுபோல, தரையில் சிதறிக் கிடந்த இறகுப்பந்துகளைப் பொறுக்கப் போய்விட்டாள்.

சென்செய் என்றால் ஜப்பானில் குரு. நரைத்த தாடியெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். இந்தக் குருவுக்கு வயது இருபத்தாறு, சிஷ்யைக்கு இருபத்தொன்பது. பள்ளிக்கூடத்தில் சிகுசாவின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடியவள்தான் இந்த ஃபுயுமி. பிறகு அவளுக்கு முழங்கால் போயிற்று, ஆட்டம் போயிற்று, பயிற்சியாளர் ஆகிவிட்டாள். இப்போது மூத்தவள் இளையவளை சென்செய் என்கிறாள். சென்செய் தன் சிஷ்யையை அக்கா என்கிறாள். கேட்கிற நமக்குத்தான் தலை சுற்றும். அவர்களுக்குப் பழகிவிட்டது.

கண்ணைப் பொத்துவது சிகுசாவுக்குத் தெரியாத சைகை ஒன்றும் இல்லை. பாட்மிண்டன் களத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் கோட்டு நடுவருக்கு மூன்றே சைகைகள்தான். பந்து உள்ளே விழுந்தால் கோட்டை நோக்கிக் கையை நீட்டுவார். வெளியே விழுந்தால் இரண்டு கைகளையும் விரிப்பார். ஆடுகிறவர் குறுக்கே வந்து மறைத்துவிட்டால் கண்களைப் பொத்திக்கொள்வார். நான் பார்க்கவில்லை என்று அதற்கு அர்த்தம்.

சைகை புரிந்தது. புரிந்ததால்தான் கோபம் வந்தது. தினமும் பக்கத்திலேயே நின்று பார்க்கிறவள் பார்க்கவில்லை என்றால், வேறு யாரிடம் போய்க் கேட்பது?

சிகுசாவின் கதை நீளமானது அல்ல. இருபத்திரண்டு வயதில் பெண்கள் ஒற்றையர் தேசியப் பட்டம். உலகத் தரவரிசையில் பதினோராவது இடம். இருபத்தைந்தில் ஒரு ஆட்டத்தின் நடுவே வலது குதிகால் தசைநார் அறுந்தது. இரண்டு அறுவை சிகிச்சைகள். திரும்பி வந்தாள். இப்போது எழுபத்து நான்காவது இடம்.

படுமோசமாகத் தோற்றிருந்தால் மூட்டை கட்டியிருப்பாள். ஜெயித்திருந்தால் கேள்வியே எழாது. அவளோ ஒவ்வொரு முறையும் மூன்றாவது செட் வரை இழுத்துக்கொண்டு போய், இருபத்தொன்றுக்குப் பத்தொன்பது என்று தோற்றாள். போன ஞாயிறும் அதே கதைதான், அதுவும் பதினெட்டு வயதுப் பெண்ணிடம். இந்த இரண்டு புள்ளிகளை வைத்துக்கொண்டு ஒருத்தி என்ன முடிவுக்கு வருவது?

நம் ஊரில் வங்கியும் ரயில்வேயும் விளையாட்டுக்காரர்களுக்கு வேலை கொடுக்கின்றன அல்லவா, அங்கே கம்பெனிகள் கொடுக்கும். சிகுசாவின் கம்பெனி அட்டைப்பெட்டி செய்தது. காலையில் மூன்றாவது மாடியில் ஆபீஸ். மதியத்துக்கு மேல் கீழே இருந்த கம்பெனி அரங்கத்தில் பயிற்சி. வருஷ முடிவு நெருங்கியதால் பிரிவு மேலாளர் நிவா அவளிடம் ஒரு படிவம் கொடுத்திருந்தார். அதில் இரண்டே கட்டங்கள். ஒன்று ‘தொடர்கிறேன்’, மற்றது ‘நிறுத்துகிறேன்’. வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஒன்றில் குறி போட்டாக வேண்டும்.

நிறுத்திவிட்டால் திரும்பி வர வழியில்லை, ஆயுசுக்கும் அட்டைப்பெட்டிதான். தொடர்ந்தாலோ, இன்னும் ஒரு வருஷம் இதே பத்தொன்பதோடு அல்லாட வேண்டியிருக்கலாம்.

அவள் கேட்காத ஆள் இல்லை. கால் நன்றாகத்தான் இருக்கிறது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்துவிடு என்றாள் அம்மா, அடுத்த நிமிஷமே உன் இஷ்டம் என்றாள். கோயிலில் குறிச்சீட்டு எடுத்துப் பார்த்தாள். ‘சிறிய நன்மை உண்டு’ என்று வந்தது. நிறுத்தினால் நன்மையா, தொடர்ந்தால் நன்மையா என்று அந்தச் சீட்டில் எழுதியிருக்கவில்லை.

கடைசியில் குருவிடம் வந்தாள். குரு கண்ணாமூச்சி ஆடினாள்.

சிகுசா விடவில்லை. பந்து பொறுக்குகிறவள் பின்னாலேயே போனாள்.

“ஞாயித்துக்கிழமை ஆட்டத்த முழுசாப் பாத்தீங்கதானே?”

“பாத்தேன்.”

“அப்ப சொல்லுங்க.”

“தோத்தீங்க அக்கா. தோத்தவங்க நாற்காலியில உக்காரணும். நீங்க இன்னும் உக்காரல.”

இதென்ன பதில் என்று சிகுசா விழித்தாள்.

ஜப்பானில் பள்ளி, கல்லூரிப் போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. தோற்றவள் உடனே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப முடியாது. அதே களத்தில் நடக்கும் அடுத்த ஆட்டத்துக்கு நடுவராக உட்கார வேண்டும். முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னொருத்தியின் கோட்டுக்குக் காவல் இருக்க வேண்டும். கொடுமைதான். யார் கண்டுபிடித்தார்களோ. பெரிய போட்டிகளில் இதற்கென்று தனியாக ஆட்கள் உண்டு, தோற்றவர்கள் நிம்மதியாக அறைக்குப் போய் அழலாம். சிகுசா பள்ளியில் அதிகம் தோற்றதும் இல்லை. அந்த நாற்காலி அவளுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.

மறுநாள் புதன்கிழமை, அரசு விடுமுறை. ஊராட்சி விளையாட்டு அரங்கத்தில் பள்ளிப் பெண்களுக்குப் போட்டி. போட்டி நடத்துகிறவர்களிடம் ஃபுயுமி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். களத்தின் பின் மூலையில், பக்கக் கோடு முடிகிற இடத்துக்கு நேராக, ஒரு மடக்கு நாற்காலி காத்திருந்தது. தேசியச் சாம்பியனாக இருந்தவள் அதில் போய் உட்கார்ந்தாள். பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக் காட்டிக்கொண்டார்கள். சிகுசாவுக்குக் காது சூடானது.

அவள் இருந்த பக்கத்தில் ஆடியவள் பெயர் மியாபி. ஒல்லிப் பெண், கால்தான் வேகம். எதிரில் நீளச் சடைபோட்ட ஒருத்தி.

முதல் செட்டில் ஆளுக்குப் பதினெட்டு இருக்கும்போது சடைக்காரி பந்தை மூலைக்கு அடித்தாள். மியாபி பின்னால் பாய்ந்து, வெளியே போகும் என்று நினைத்தோ என்னவோ, கடைசி நொடியில் விட்டுவிட்டாள். பந்து அவள் முதுகுக்குப் பின்னால் விழுந்தது. சிகுசாவுக்குத் தெரிந்ததெல்லாம் மியாபியின் சட்டை மட்டும்தான்.

எல்லாரும் சிகுசாவைப் பார்த்தார்கள்.

மியாபியின் தோள் லேசாகத் தொங்கியது. அதைப் பார்த்ததும் சிகுசாவின் கை தானாகக் கோட்டை நோக்கி நீண்டது. உள்ளே.

மியாபி மறுபேச்சுப் பேசவில்லை. சாம்பியனே சொல்லியாயிற்று. தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டாள். அந்தப் புள்ளி போயிற்று, பின்னாலேயே அந்தச் செட்டும் போயிற்று.

இடைவேளையில் ஃபுயுமி நாற்காலிக்கு அருகில் வந்து குனிந்தாள்.

“பாத்தீங்களா?”

“உள்ளதான் விழுந்திருக்கணும்.”

“நான் அதக் கேக்கல.”

சிகுசா தரையைப் பார்த்தாள். “பாக்கல.”

“அப்புறம் எதுக்குக் கைய நீட்டுனீங்க?”

“எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டு நின்னாங்க. தெரியலன்னு எப்படிச் சொல்றது?”

ஃபுயுமி திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். ஃபுயுமி நிமிர்ந்து, வந்த வழியே போய்விட்டாள். திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

சிகுசாவுக்கு உட்காரப் பிடிக்கவில்லை. எழுந்து, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மியாபியிடம் போனாள். அந்தப் பந்தைத் தான் பார்க்கவே இல்லை என்றும், பார்த்தது போலக் கை காட்டிவிட்டதாகவும் சொல்லி, இடுப்பு வரை குனிந்து மன்னிப்புக் கேட்டாள்.

மியாபிக்குத்தான் சங்கடமாகிவிட்டது. “எனக்கும் தெரியலைங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்.”

சிகுசா நாற்காலிக்குத் திரும்பி வந்தாள். இந்தப் பேச்சை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று யோசித்தாள். செவ்வாய்க்கிழமை ஃபுயுமி கண்ணைப் பொத்தியபோது அவளிடம் தான் கத்தாமல் விட்டது இதைத்தான் என்று நினைவு வந்தது. அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை.

இரண்டாவது செட்டை மியாபி பிடித்தாள். மூன்றாவது செட் இழுத்துக்கொண்டே போனது. பாதியில் இருவரும் பக்கம் மாறினார்கள். இப்போது சிகுசாவுக்கு முன்னால் சடைக்காரி, அந்தக் கோடியில் மியாபி. ஆளுக்கு இருபது. இனி தொடர்ந்து இரண்டு புள்ளி எடுக்கிறவளுக்கு ஆட்டம்.

மியாபி ஓங்கி அடித்தாள். பந்து சிகுசாவின் மூலைக்கு வந்தது. சடைக்காரி விழுந்தடித்துப் பாய்ந்தாள், மட்டை எட்டவில்லை. பந்து அவளுக்கும் கோட்டுக்கும் நடுவில் எங்கேயோ விழுந்தது. சிகுசா பார்த்தது பறக்கும் சடையைத்தான்.

அரங்கமே அவள் பக்கம் திரும்பியது. அந்தக் கோடியிலிருந்து மியாபி கண் இமைக்காமல் பார்த்தாள்.

கையை நீட்டினால் போதும். முதல் செட்டில் பறித்ததை மூன்றாவது செட்டில் திருப்பிக் கொடுத்தது போல ஆகிவிடும். யாரும் ஒரு வார்த்தை கேட்கப் போவதில்லை. சிகுசாவின் வலது கை மடியைவிட்டுக் கிளம்பியும் விட்டது.

கூடவே இடது கையும் எழுந்தது. இரண்டு கைகளாலும் கண்களைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளே ஒரே இருட்டு. இப்போது யார் சிரிக்கிறார்கள், யார் முறைக்கிறார்கள் என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் தனக்காக இப்படிக் கண்ணைப் பொத்தியிருக்கிறார்கள். அவர்களை அவள் ஒருநாளும் மனுஷராக மதித்ததில்லை.

இப்படி ஆனால் முதன்மை நடுவர்தான் சொல்ல வேண்டும். உயர நாற்காலியில் இருந்தவளும் முந்தைய ஆட்டத்தில் தோற்ற ஒரு பள்ளிப் பெண்தான். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தனக்கும் தெரியவில்லை என்றாள். இரண்டு பேருக்கும் தெரியாவிட்டால் அதற்கும் விதி இருக்கிறது. அந்தப் புள்ளி யாருக்கும் கிடையாது. எண்ணிக்கை இருந்தபடியே இருக்கும். மறுபடி ஆட வேண்டும்.

ஒரு சண்டை வரும் என்று சிகுசா காத்திருந்தாள். வரவில்லை. யாரோ பந்தைப் பொறுக்கும் சத்தம் கேட்டது. தரையில் ஷூ கிறீச்சிட்டது.

“இருபதுக்கு இருபது. ஆடலாம்.”

கைகளை எடுத்தபோது இரண்டு பெண்களும் அவரவர் இடத்தில் முழங்காலை மடித்துத் தயாராக நின்றார்கள். யாரும் சிகுசாவைப் பார்க்கவில்லை. அவள் அப்போதுதான் தன் வலது குதிகாலைக் கவனித்தாள். அது தரையில் படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவள் நுனிக்காலில் இருந்தாள்.

மியாபி தோற்றுப்போனாள். இருபத்திரண்டுக்கு இருபது.

துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு அவள் நேராக சிகுசாவிடம் வந்தாள். “கொஞ்சம் எழுந்திரிங்க. அடுத்தது நான் உக்காரணும்.”

திரும்பும் ரயிலில் சிகுசாவுக்கும் ஃபுயுமிக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைத்தது. ஐந்தாவது ஸ்டேஷனில் சிகுசா கேட்டாள்.

“உங்க முழங்கால் போனப்ப நீங்க யார்கிட்டப் போய்க் கேட்டீங்க?”

“யார்கிட்டயும் கேக்கல அக்கா. என்னோடது வெளியதான் விழுந்துச்சு. நானே கண்ணால பாத்தேன்.”

சொல்லும்போது ஃபுயுமி முழங்காலைத் தடவிக்கொண்டாள். இருபத்து நாலு வயசில் அதைப் பார்த்திருக்கிறாள். இத்தனை நாள் தன் காலைப் பற்றியே புலம்பிக்கொண்டிருந்தோமே, இந்தக் காலைப் பற்றி ஒருநாளாவது கேட்டோமா என்று சிகுசாவுக்கு இருந்தது.

“என்னோடது?” என்று கேட்டாள், குரல் இறங்கி.

ஃபுயுமியின் கைகள் மடியிலிருந்து மேலே எழுந்தன. சிகுசா சட்டென்று அவற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம் சென்செய். புரியுது.”

உண்மையில் பாதிகூடப் புரியவில்லை. வியாழக்கிழமை முழுக்க அந்தப் படிவத்தை எடுத்து எடுத்துப் பார்த்தாள். இரண்டு கட்டங்களும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. பேனாவை ஒன்றின்மேல் வைப்பாள், எடுப்பாள். மற்றதன்மேல் வைப்பாள், எடுப்பாள்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் நிவாவின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். படிவத்தை வைத்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். திருப்பியும் பார்த்தார். இரண்டு கட்டங்களும் காலி.

என்னம்மா முடிவு என்று கேட்டார்.

சிகுசா இரண்டு கைகளாலும் கண்களைப் பொத்திக்கொண்டாள்.

நிவா முப்பது வருஷமாக அட்டைப்பெட்டியோடு வாழ்கிறவர். பாட்மிண்டன் சைகைக்கெல்லாம் அவர் எங்கே போவார்? பெண் அழுகிறாள் என்று வெலவெலத்துப் போனார். டிஷ்யூப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். சுற்றி இருந்தவர்கள் காதில் விழாத குரலில், அழ வேண்டாம், எல்லாம் சரியாகிவிடும் என்றார்.

சிகுசா கைகளை எடுத்தாள். கண் காய்ந்துதான் இருந்தது. சிரிப்பை அடக்கியதில் முகம் சிவந்திருந்தது.

நிவாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பாவம், அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களும் கேட்பார்கள்.

“அப்ப நான் மேல என்னன்னு எழுதி அனுப்பட்டும்?”

“இருபதுக்கு இருபதுன்னு எழுதுங்க சார்,” என்றாள் சிகுசா, மட்டைப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டே.