தாழைமேட்டின் கறுத்த படம்

“படம் வரல தாயி. மூணு நாளாப் பாக்கேன், ஒரே கறுப்பு” என்றார் சீடர்.

குரு கண்ணைத் திறக்கவில்லை. மதியச் சாப்பாடு முடிந்து நாற்காலியிலேயே சாய்ந்திருந்தார். மாடி அறை. பாதி சாத்திய சன்னல் வழியாக உப்புக்காற்று வந்துகொண்டிருந்தது. மின்விசிறி தன் போக்கில் முனகியது.

குரு என்றதும் தாடியும் தண்டமும் வைத்த ஆளைத் தேடாதீர்கள். இவர் இசக்கிச்செல்வி. வயது முப்பத்தொன்று. கணினியில் வரைபடம் போடக் கற்றுத் தருகிறவர். சீடர் சிலுவைமுத்துவுக்குத்தான் ஐம்பத்தாறு. இருபத்தெட்டு வருஷம் அளத்தில் உப்பு வாரி, அந்த வெள்ளையில் கண் மங்கி, இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு ஆறு மாதமாக இங்கே படிக்கிறார். யார் யாருக்குக் குரு என்று என்னைக் கேட்டா முடிவு செய்கிறார்கள்?

“என்ன படம் அண்ணாச்சி?”

“எங்க ஊரு, தாழைமேடு. செயற்கைக்கோள் எடுத்த படம். இன்னைக்கு மூணு மணிக்கு விசாரணை. அங்க ஊரே இல்ல, வெறும் தரிசுன்னு அளத்து முதலாளி எழுதிக் குடுத்துட்டாரு. அதிகாரியை நேர்ல வாங்கன்னா நேரமில்லங்காரு. படத்தைக் காட்டுங்காரு. நாப்பத்து மூணு வீடு தாயி. இந்தக் கறுப்பைக் காட்டினா இன்னைக்கே கையெழுத்துப் போட்டுருவாரு. அடுத்த வாரம் இடிக்க வண்டி வந்து நிக்கும்.”

“கோப்பு இருக்கா?”

“இருக்கு.”

“இடம் சரியா விழுந்திருக்கா?”

“கடற்கரைக் கோட்டோட வச்சுப் பாத்துட்டேன். சரியாத்தான் இருக்கு.”

“மேல வேற எதுவும் மூடிட்டு இருக்கா?”

“எல்லாத்தையும் எடுத்துட்டேன். திறந்து திறந்து மூடினேன். கணினியை அணைச்சும் போட்டேன். மாதாவுக்கு மெழுகுவத்தி நேந்துட்டேன்.”

“அது ஒண்ணைத்தான் உருப்படியாச் செஞ்சிருக்கீங்க.”

சீடருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வீடும் அந்த நாற்பத்து மூன்றில் ஒன்று.

குரு அப்போதுதான் கண் திறந்தார். எழுந்துபோய்ச் சன்னலை முழுசாகத் திறந்தார்.

“இங்க வந்து நில்லுங்க. வெளிய பாருங்க. நான் சொல்ற வரைக்கும்.”

வெளியே உச்சி வெயில். அளம் பாத்தி பாத்தியாகக் கிடந்தது. நடுவில் அம்பாரம், பனை உயரத்துக்குக் குவித்த உப்பு. சீடர் பார்த்துக்கொண்டே நின்றார்.

கொஞ்ச நேரத்தில் அளம் எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்பதே தெரியவில்லை. வானமும் கீழே இறங்கிவிட்ட மாதிரி இருந்தது. வேலைக்குப் போன காலத்திலும் மதியம் இப்படித்தான். நடக்கிற கால் தன்னுடையதா என்றே சந்தேகம் வரும். பக்கத்தில் கூடை தூக்குகிறவளின் குரல் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்கும்.

“இப்பத் திரும்புங்க. என்ன தெரியுது?”

“ஒண்ணும் தெரியல. அறையே இருட்டு.”

“நான்?”

“குரல்தான் கேக்கு.”

“அப்ப நான் போயிட்டேனா?”

“எங்க போவீங்க? இங்கதான் நிக்கீங்க. எனக்குல்லா கண்ணு அடைச்சிருக்கு.”

குரு அவரைக் கணினிப் பக்கம் திருப்பினார்.

“படத்துல கறுப்பைத் தவிர ஒண்ணுமே இல்லையா?”

“ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கு. தூசின்னு திரையைத் துடைச்சேன், போகல.”

“சுட்டியை அதுமேல வச்சு அழுத்துங்க. வெளிச்சம் எத்தனைன்னு எண் காட்டுது?”

சீடர் தடவித் தடவிக் கணினி முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பார்வை திரும்பும்வரை காத்திருந்தார்.

“அறுபதாயிரம்.”

“பக்கத்துல, கறுப்புல?”

“ரெண்டாயிரம். இது ஆயிரத்து எண்ணூறு. இங்க ரெண்டாயிரத்து முந்நூறு.”

“ஒண்ணுமே இல்லாத இடத்துல இத்தனை எண் எதுக்கு?”

சீடர் விரலை எடுத்துக்கொண்டார்.

“இருக்கறதுலயே பெரிய எண்ணுதான் வெள்ளைன்னு இந்த மென்பொருள் முடிவு பண்ணிருக்கு அண்ணாச்சி. மத்ததையெல்லாம் அதுக்குக் கீழ தள்ளிக் கறுப்பாக்கிருச்சு. சரி, அந்தப் புள்ளி எது?”

சீடர் சன்னலைப் பார்த்தார். “அம்பாரம்.”

“யாரு குவிச்சது?”



“நாங்கதான்.”

“மேல் அளவுன்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. அதுல அறுபதாயிரம்னு இருக்கும். எவ்வளவுன்னு நீங்களே போடுங்க.”

சொல்லிவிட்டுக் குரு மறுபடி சாய்ந்துகொண்டார். உபதேசம் அவ்வளவுதான்.

சீடர் அறுபதாயிரத்தை அழித்தார். மூவாயிரம் என்று அடித்தார்.

விடியற்காலையில் ஊர் தெரிகிற மாதிரி படம் தெரிந்தது. முதலில் பாதை. பிறகு பனைகள். பிறகு கூரை, கூரை, கூரை. பேச்சித்தாய் வீட்டு ஆட்டுக்கொட்டில். கரையேற்றிக் கவிழ்த்த இரண்டு வள்ளம். அவர் வீட்டு வாசலில் வேம்பும் அதன் நிழலும். சீடர் சத்தமில்லாமல் அழுதார். குரு தூங்கிவிட்டார் போலிருந்தது.

மூன்று மணிக்கு அதிகாரியின் அலுவலகத்தில் விசாரணை தொடங்கியது. படத்தைச் சுவரில் காட்டியதுமே முதலாளியின் வக்கீல் எழுந்தார்.

“ஐயா, இதே படம் எங்க கிட்டயும் இருக்கு. பாருங்க, முழுக்கக் கறுப்பு. எங்க அம்பாரம் மட்டும்தான் தெரியுது. இவர் வெளிச்சத்தைக் கூட்டி வீட்டை உண்டாக்கிக் கொண்டு வந்திருக்கார்.”

அதிகாரி சீடரைப் பார்த்தார். “கூட்டினீங்களா?”

கேட்டுச் சொல்லக் குரு பக்கத்தில் இல்லை.

“ஒண்ணும் கூட்டலைங்கய்யா. அம்பாரத்தை வச்சு எங்களை அளந்திருந்துச்சு. அதை நிறுத்தினேன்.”

வக்கீல் உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றார். அதிகாரி இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தட்டச்சு செய்து கையெழுத்துக்குத் தயாராக இருந்த உத்தரவை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

“கிழக்கே இருந்து வருவோம்” என்றார். “முதல் வீட்டுல யாரு இருக்கா? பேரைச் சொல்லுங்க.”