பூவாயி கொல்லையில் பூத்த செடி

முன்னொரு காலத்தில் வேலங்குடிச் சீமையைக் கொற்றவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆள் நாக்குக்கு அடிமை. ஒருநாள் முழுப் பலாப்பழத்தையும் தனியாளாகத் தின்றுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டான். அரண்மனை வைத்தியர் அம்பலவாணப் பண்டிதரின் கஷாயம் எதற்கும் வலி அடங்கவில்லை. பண்டிதருக்கு வாய்தானே மூலதனம்! "ஊரில் யாரோ விஷச்செடி வளர்க்கிறார்கள் மகாராஜா. அந்தக் காற்று பட்டுவிட்டது" என்று அளந்துவிட்டார்.

ராஜாவுக்குக் கேட்கவா வேண்டும்? "கொல்லையில் நிற்கும் செடிக்குப் பெயர் சொல்லத் தெரியாதவர்கள் மூன்று நாளில் ஊரைவிட்டுப் போகவேண்டும்" என்று தண்டோரா போட்டான்.

அந்த ஊரில் பூவாயி என்றொருத்தி இருந்தாள். அவள் கொல்லையில் சேவகர்கள் ஒரு செடியைக் காட்டினார்கள். இடுப்புயரம், வெள்ளையும் ஊதாவுமாகப் பூ. அவளுக்குப் பெயர் தெரியவில்லை. தை மாதம் அவள் புருஷனை எல்லைப் போருக்கு இழுத்துப் போனார்களே, அதற்கப்புறம் தானாக முளைத்தது அது. ஆனி பிறந்தும் அவனைப் பற்றித் தகவல் இல்லை. வீட்டைவிட்டுப் போய்விட்டால், திரும்பி வருகிறவன் அவளை எங்கே தேடுவான்? அதை நினைத்தே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆடு மேய்ப்பவர்களைக் கேட்டாள், மருத்துவச்சியைக் கேட்டாள். "பாத்ததே இல்லையே தாயி" என்றார்கள். மூன்றாம் நாள் காலை, "ஏன் என் குடியைக் கெடுக்க இங்க வந்து முளைச்ச?" என்று அழுதபடி செடியை இழுத்தாள். வேரோடு வந்தது. வேரைப் பார்த்ததும் அழுகை நின்றது. அதை ஒரு சட்டியில் நட்டு, வேர் தெரியாமல் மண் மூடி, அரசவைக்குத் தூக்கிப் போனாள்.

"பெயர் என்ன, சொல்" என்றான் ராஜா.

"சொல்றேன் சாமி. நான் சொல்லிட்டா, பண்டிதர் தனக்கும் தெரியும்னு சொல்லிருவாரு. முதல்ல அவரு சொல்லட்டும்."

பண்டிதர் மீசையைத் தடவினார். "இது கருநாக மூலி! வேர் நாக்கில் பட்டாலே உயிர் போய்விடும்!"

பூவாயி செடியைப் பிடுங்கி, வேரை முந்தானையில் துடைத்து, நறுக்கென்று கடித்தாள். சபை அலறியது. அவள் நிதானமாக மென்று விழுங்கினாள். தலைமைச் சமையற்காரர் ஓடிவந்து வேரை முகர்ந்து பார்த்தார்.

"முள்ளங்கி, மகாராஜா! முற்றிக் கட்டையாகிவிட்டது. நாம் பிஞ்சிலேயே பிடுங்கிக் குழம்பு வைத்துவிடுகிறோம். இது பூத்து யார் பார்த்தார்கள்?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். பண்டிதரை அரண்மனைக் காய்கறித் தோட்டத்தில் களை பறிக்க அனுப்பினான். "கெட்டிக்காரி! என்ன வேண்டும், கேள்" என்றான்.

பூவாயிக்குச் சிரிப்பு வரவில்லை.

"என் கொல்லையில நின்ன ஒத்தைச் செடிக்குப் பேர் கேட்டீங்க சாமி. எங்க தெருவில இருந்து பதினேழு பேரைச் சண்டைக்குக் கூட்டிட்டுப் போனீங்க. அதுல ஒருத்தர் பேரையாச்சும் சொல்லுங்க."

ராஜா படைத்தலைவனைப் பார்த்தான். படைத்தலைவன் தரையைப் பார்த்தான்.

அவளே ஒவ்வொன்றாகப் பதினாறு பெயர் சொன்னாள். கட்டியவன் பெயரைப் பெண்டாட்டி வாய்விட்டுச் சொல்வது அந்தச் சீமையில் வழக்கமில்லை. அவள் அதையும் சொன்னாள்: "மாரப்பன்."

சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ராஜா தலை நிமிரவே இல்லை.