ஏழாவது பிரஸ் மட்டும் சிவப்பு

வேகம் காட்டும் போர்டு மாட்டி மூன்று வாரம் கழித்துத்தான் வாத்தியார் அதைப் பார்த்தார். அதுவரை அவர் சஸ்பென்ஷனில் இருந்தார். போனஸ் பேச்சில் முதலாளியைப் பார்த்துச் சொல்லக் கூடாத வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டார். மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். வெள்ளைத்தாளில் கையெழுத்து மட்டும் போட்டு, "மேல நீங்களே எழுதிக்குங்க" என்று மேஜையில் வீசிவிட்டு அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார்.

அது ஸ்கூட்டருக்குத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப். ஏழு மெஷின், ஏழும் பழசு. வாத்தியார் சவரிமுத்து அங்கே டை செட்டர். மெஷினுக்குள் அச்சை மாட்டுவதும் கழற்றுவதும் அவர் வேலை. ஆட்களுக்காக முதலாளியிடம் பேரம் பேசுவதும் அவர்தான்.

சூப்பர்வைசர் தணிகைவேல் அவரிடம் தொழில் கற்றவன். வயதில் தணிகைதான் மூத்தவன். அதனால் குரு சீடனை அண்ணே என்பார். சீடன் குருவை வாத்தியாரே என்பான். யாருக்கும் அது வேடிக்கையாகத் தெரிந்ததில்லை.

சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் போய்விட்டார்கள். தணிகை மட்டும் போர்டுக்குக் கீழே நின்றிருந்தான்.

ஒரு தகடு அடித்து அடுத்த தகடு அடிக்க எத்தனை விநாடி ஆகிறது என்று ஒவ்வொரு மெஷினுக்கும் நேராக அதில் எரியும். ஒன்பதுக்குள் இருந்தால் பச்சை. தாண்டினால் சிவப்பு. காலை முழுக்க ஓடியதன் சராசரி இப்போது அதில் நின்றிருந்தது.

"வாத்தியாரே, ஒரு சந்தேகம்."

"கேளு அண்ணே."

"ஆறு மெஷின் பச்சை. ஏழு மட்டும் சிவப்பு. பன்னெண்டு காட்டுது. எல்லாத்துலயும் அதே தகடு, அதே மாதிரி டை. ஏழு மட்டும் ஏன் இப்படி மெதுவா ஓடுது?"

"ஏழுல யாரு?"

"சகாயமேரி."

"அவளையே கேக்கறது?"

"கேட்டேன். ஓட்டுற மாதிரிதான் ஓட்டுறேங்குது. நாளைக்குப் பெரிய கம்பெனிக்காரங்க போர்டைப் பாக்க வர்றாங்க. ஏழும் பச்சையா இருக்கணுமாம். சாயங்காலத்துக்குள்ள வேகம் ஏறலேன்னா அவளை நிறுத்திடுன்னு முதலாளி சொல்லிட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"சரின்னேன். அவகிட்டயும் சொல்லிட்டேன்."

வாத்தியார் போர்டை அண்ணாந்து பார்த்தார். துப்பலாமா என்று யோசிப்பவர் போல இருந்தது. துப்பவில்லை.

"மெயினை ஆஃப் பண்ணு. கையை நீட்டிக்கினு என் பின்னாடியே வா."

மெஷின்கள் அடங்கின. போர்டுக்குத் தனி லைன். அது எரிந்துகொண்டிருந்தது.

அந்த மெஷின்களில் இடது பக்கம் ஒரு பட்டன், வலது பக்கம் ஒரு பட்டன். இரண்டு கையாலும் இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். அப்போது இரண்டு கையும் வெளியே இருக்கும். தணிகைக்கு வாத்தியார் கற்றுக்கொடுத்த முதல் பாடம் அதுதான்.

முதல் மெஷினில் இடது பட்டன் உள்ளே போனபடியே இருந்தது. வாத்தியார் குறடு போட்டு இழுத்தார். பாதி சீப்பு ஒன்று வந்தது. அதைத் தணிகையின் உள்ளங்கையில் வைத்தார். பட்டன் வெளியே துள்ளியது.

இரண்டாவதில் மடித்த தகடு. மூன்றாவதில் எழுதியதை அழிக்கும் ரப்பர். ஓரத்தில் ஒரு குழந்தை கடித்த பல் தடம் இருந்தது. அதற்குப் பிறகு என்ன வந்தது என்று தணிகை குனிந்து பார்க்கவில்லை. கை மட்டும் நீண்டிருந்தது.

ஆறாவதில் செதுக்கிய மரக்கட்டை. பட்டனுக்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. போன வெள்ளிக்கிழமை எல்லாச் சாமானுக்கும் பொட்டு வைத்தபோது அதற்கும் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள்.

"பூஜை எல்லாம் பலமா பண்ணியிருக்கீங்க," என்றார் வாத்தியார்.

ஏழாவது மெஷினில் இடது பட்டனை விரலால் தட்டினார். உள்ளே போய் வெளியே வந்தது. இன்னொரு தரம் தட்டினார். தணிகையின் கையில் எதுவும் வைக்கவில்லை.

"கேட்டியே, ஏழு ஏன் மெதுவா ஓடுதுன்னு."

தணிகை அப்போதுதான் உள்ளங்கையைக் குனிந்து பார்த்தான்.

"உனக்குத் தெரியாதா அண்ணே?"

"தெரியாதுன்னு இல்ல. போர்டு பச்சையா இருந்துச்சு. கிட்டப் போய்ப் பாக்கல."

"இப்பவும் பச்சையாதான் இருக்குது. எல்லாத்தையும் புடுங்கிட்டேன், அதுக்கு ஒண்ணும் தெரியல பாரு."

தணிகை திரும்பி வெளிக்கதவைப் பார்த்தான். மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான்.

"வாத்தியாரே, நாளைக்கு ஒரு நாள் மட்டும் விட்டுடு. வந்தவங்க பாத்துட்டுப் போகட்டும். நாளன்னிக்கு நானே எல்லாத்தையும் புடுங்கி எறியறேன். ஆர்டர் போச்சுன்னா ஷாப்பையே மூடிடுவாரு. ஏழு பேரும் தெருவுலதான்."

வாத்தியாருக்கு முகம் சிவந்தது. கையில் இருந்த குறடு எங்கே பறக்குமோ என்று தணிகை ஓர் அடி பின்னால் போனான். ஆனால் அவர் காலி டிரம் ஒன்றை இழுத்துப் போட்டு, முதலாளிக்கு எதிரில் உட்காருவது போல உட்கார்ந்தார்.

"சரி. பேசி முடிச்சுக்கலாம். உனக்கு ஒரு நாள் வேணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் வாத்தியாரே."

"குடுத்தேன். எனக்கு ஒரு பேரு வேணும்."

"இன்னா பேரு?"

"ஒத்தக் கையால பட்டனை அமுக்கினு, இன்னொரு கையை உள்ள வுட்டுத் தகடு வைக்கிறாங்க ஆறு பேரு. யாரு கை போனா உனக்குப் பரவால்ல? அந்தப் பேரைச் சொல்லிட்டு எல்லாக் கட்டையையும் திருப்பிச் சொருவு."

"யாரு கையும் போவாது வாத்தியாரே. மூணு வாரமா ஒண்ணும் ஆவலையே."

"அப்ப பயமில்லாம சொல்லு. சும்மா ஒரு பேருதானே. ஏகாம்பரம்னு சொல்லு. அவன்தான் ரொம்பப் பேசறான்."

"வேணாம் வாத்தியாரே."

"அப்ப அந்த ரப்பர் யாருதுன்னு பாரு. அவங்க பேரைச் சொல்லு."

"வேணாம்னு சொல்றேன்ல!"

தணிகையின் குரல் ஷெட்டின் தகரத்தில் பட்டுத் திரும்பியது. உள்ளங்கையை அவன் இறுக்கி மூடிக்கொண்டான்.

மணி அடித்தது.

ஆட்கள் வந்தார்கள். தணிகை மெயினைப் போட்டான். ஒன்றாம் மெஷின் ஏகாம்பரம் பட்டனைப் பார்த்தான், தணிகையின் மூடிய கையைப் பார்த்தான், வாத்தியாரைப் பார்த்தான். புரிந்துவிட்டது.

"வந்தவுடனே ஆரம்பிச்சுட்டியா வாத்தியாரே? முதலாளியைத் திட்டினா மூணு வாரம் வீட்ல உக்கார வெக்கிறாங்க. சிவப்பு எரிஞ்சா மொத்தமா உக்கார வெக்கிறாங்க. உனக்கு இன்னா, பேசி உள்ள வந்துடுவ."

வாத்தியார் டிரம்மிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஏகாம்பரம் தணிகையிடம் போய்க் கையை நீட்டினான். "என் சீப்பைக் குடுண்ணே. மீதி பாதியாலதான் காலையில தலை வாரினேன்."

இரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அவர்களும் வந்து கையை நீட்டினார்கள். அப்புறம் மற்றவர்கள். ஆறு பேர் தணிகையைச் சுற்றி நின்றார்கள். யாரும் சண்டை போடவில்லை. பிரசாதத்துக்கு நீட்டுவது போல நீட்டினார்கள்.

தணிகை கையைத் திறக்கவில்லை.

"குடுண்ணே, நேரம் ஓடுது," என்றாள் ரப்பருக்குச் சொந்தக்காரி.

மேலே போர்டில் ஏழு எண்ணும் கூடிக்கொண்டே போயின. பச்சை ஒவ்வொன்றாகச் சிவப்பாகிக்கொண்டிருந்தது.

சகாயமேரி தன் மெஷினிலிருந்து எழுந்து வந்தாள். ஆறு பேரையும் விலக்கி முன்னால் வந்து அவளும் கையை நீட்டினாள்.

"எனக்கும் ஒண்ணு குடுண்ணே."

"உன்னுது எதுவும் இதுல இல்லம்மா."

"இல்லாததாலதான் கேக்கறேன். சாயங்காலத்தோட நிறுத்திடுவேன்னு சொன்ன இல்ல? என் பொண்ணுக்கு இது ஒம்பதாம் மாசம். இப்ப போயி வேலை இல்லேன்னு அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். எதுன்னாலும் பரவால்ல, சின்னதா ஒண்ணு குடு."

தணிகை வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"வாத்தியாரே, இப்ப நான் இன்னா செய்யறது?"

வாத்தியார் டிரம்மிலிருந்து எழுந்தார். நீட்டிய ஏழு கைகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"கேக்கறாங்க இல்ல, குடு. குடுக்கும்போது ஒவ்வொரு கையிலயும் விரலை எண்ணிக்கோ அண்ணே. அந்த எண்ணையும் போர்டுல ஏத்து. நாளைக்கு வர்றவங்க பாக்கட்டும்."