ஆமையும் மூன்று கட்டளைகளும்

அன்று குளக்கரையில் இருந்தவர்கள்: ஆமை ஒன்று, தூக்கணாங்குருவி ஒன்று, நரி ஒன்று, முயல்கள் இரண்டு, கொக்குகள் மூன்று, தவளைகள் பதினொன்று. ஆக மொத்தம் பத்தொன்பது. நாள், பங்குனி பன்னிரண்டு.

வர வேண்டியது ஒன்று. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அது சாம்பி என்னும் வாத்து.

சாம்பி வடக்கே பனிமலைக்கு அப்பால் பிறந்தது. கார்த்திகையில் தெற்கே வரும். பங்குனியில் திரும்பும். ஆமைக்கு அதுதான் சிநேகிதி. போன பங்குனியில் புறப்படும்போது, "எங்கள் ஊரில் குளிர் வந்தால் குளத்துத் தண்ணீர் கெட்டியாகிவிடும். மேலே நடக்கலாம்" என்று சொன்னது.

"அப்போது அடியில் இருக்கிறவர்கள் என்ன செய்வார்கள்?" என்று ஆமை கேட்டது.

அதற்குள் கூட்டம் கிளம்பிவிட்டது. "அடுத்த முறை சொல்கிறேன்!" என்று கத்திக்கொண்டே சாம்பி பறந்தது.

அடுத்த முறை, கார்த்திகையில், குளத்தைக் கோரை மூடியிருந்தது. மேலிருந்து பார்த்தால் தண்ணீரே தெரியவில்லை. சாம்பி இறங்காமல் இன்னும் தெற்கே போய்விட்டது.

ஆகவே, அது வடக்கே திரும்பும் இந்தத் தடவை ஒரு ஏற்பாடு செய்தார்கள். முயல்கள் ஒரு மாதமாகக் கோரையைக் கடித்து, ஓரிடத்தில் தண்ணீர் தெரியும்படி செய்தன. சாம்பி நெருங்கும்போது கொக்குகள் அந்த இடத்துக்கு மேலே வட்டமிட வேண்டும். ஆனால் நெருங்குவது எப்படித் தெரியும்?

அதற்கு ஒரு பெட்டி இருந்தது. பறவை ஆராய்ச்சிக்காரர்கள் சாம்பியின் முதுகில் ஒரு சிறு கருவி கட்டியிருந்தார்கள். மூன்று மைல் தொலைவிலேயே அதன் ஒலியைப் பிடிக்கும் பெட்டியைக் குளக்கரைக் கம்பத்தில் மாட்டிவிட்டுப் போனார்கள். பெட்டியின் மேல் உள்ளங்கை அகலத்தில் சூரியத் தகடு. முன்புறம் ஒரு சிறு திரை. உள்ளே சின்ன மின்கலம். பெட்டியிடம் வேலை வாங்க வேண்டுமானால், அதற்குப் புரியும் கட்டளைத் தொகுப்பு ஒன்றை ஏற்ற வேண்டும். ஒன்றுக்குத்தான் இடம் உண்டு.

கூடு நெய்யும் தூக்கணாங்குருவி ஒரு தொகுப்பையும் நெய்து ஏற்றியிருந்தது.

"மூன்றே கட்டளை. திற, கேள், மூடு. சாம்பியின் ஒலி விழுந்தால் 'கீச்' என்று சத்தம் போடும். அவ்வளவுதான்" என்றது.

"மூன்றா? நாங்களே பதினோரு பேர் இருக்கிறோம்!" என்று தவளைகள் சிரித்தன.

நரி முன்னால் வந்தது. "ஆமையக்கா, நான் கொண்டுவந்த தொகுப்பைப் பார்! நானூற்றுப் பன்னிரண்டு கட்டளைகள்! வரைபடம் போடும். காற்று, உயரம், வெயில் எல்லாம் சொல்லும்!"

ஆமை கழுத்தை நீட்டியது. "வரைபடமா? சாம்பி வரும் வழி தெரியுமா?"

"மைலுக்கு மைல் தெரியும்!"

"அவளுக்குக் குளிர்கிறதா என்று?"

"இறகுக்கு அடியில் எவ்வளவு சூடு என்றுகூடச் சொல்லும்!"

குருவி மெதுவாகக் கேட்டது. "அக்கா, அவள் வருவது உனக்குத் தெரிந்தால் போதாதா? இது எழுந்திருக்கவே நேரமாகும். மின்கலமும் தாங்காது."

"பொறாமை!" என்றது நரி.

ஆமை, "அவளைப் பார்த்து ஒரு வருடம் ஆகிறதடி குருவி. எனக்கு எல்லாமே தெரிய வேண்டும். உன்னுடையதைக் கழற்றிவிடு" என்றது.

குருவி கழற்றியது. நரி ஏற்றியது. எல்லாரும் கம்பத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

பெட்டி மெல்லிய குரலில் பேசத் தொடங்கியது. "மழைமானி இருக்கிறதா?" சிறிது நேரம் காத்திருந்தது. "இல்லை. காற்றுமானி இருக்கிறதா?" மறுபடி காத்திருந்தது. "இல்லை. தராசு இருக்கிறதா?"

"இங்கே எதற்கு அண்ணே தராசு?" என்று ஒரு முயல் கேட்டது.

"தனக்குத் தெரிந்த கருவிகளெல்லாம் இங்கே இருக்கின்றனவா என்று தேடுகிறது" என்றது குருவி.

"மொத்தம் எத்தனை கருவி?"

நரி வேறு பக்கம் பார்த்தது. "அறுபத்து நான்கு."

ஆமை ஒவ்வொன்றாக எண்ணியது. முப்பத்தேழாவதாக, "கதவு மணி இருக்கிறதா?" என்று பெட்டி கேட்டபோது, வானத்தில் வாத்துகளின் குரல் கேட்டது.

"சாம்பி! சாம்பி!" என்று முயல்கள் கத்தின. கொக்குகள் அவசரமாக எழும்பின. தவளைகள் பதினொன்றும் கூச்சலிட்டன. கொக்குகள் பனைமர உயரத்தைத் தொடுவதற்குள் வாத்துக்கூட்டம் குளத்தைத் தாண்டிவிட்டது. அவற்றில் ஒன்று மட்டும் வரிசையை விட்டு விலகி, இரண்டு முறை சுற்றிப் பார்த்தது. கொக்குகள் வட்டமிடாததால் முயல்கள் திறந்த அந்தச் சிறு இடம் கண்ணில் படாமல், கீழே கோரைதான் தெரிந்திருக்கும். அதுவும் போய்விட்டது.

ஐம்பத்திரண்டாவதாகப் பெட்டி கேட்டது. "ஒலி வாங்கும் கருவி இருக்கிறதா? இருக்கிறது!"

திரையில் வரைபடம் பளிச்சென்று வந்தது. பச்சையில் மலை, நீலத்தில் குளம். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிவப்புப் புள்ளி வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. "உடல் சூடு நாற்பத்தொரு பாகை. நலம்" என்றது பெட்டி. உடனே மின்கலம் தீர்ந்தது. திரை இருண்டது.

"அவளுக்குக் குளிரவில்லை" என்றது ஆமை.

நரி வாலை மடக்கி உட்கார்ந்தது. "அக்கா, இது கெட்ட தொகுப்பு இல்லை. மலைக் கோபுரத்தில், வண்டிச் சக்கரம் அளவு தகடு வைத்த பெட்டியில் அருமையாக ஓடுகிறது. அதைப் பார்த்துத்தான் எடுத்துவந்தேன்."

"தெரியும் அண்ணே. கழற்றச் சொன்னது நான்தான்."

"நானூற்றுப் பன்னிரண்டில் நமக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்" என்று ஒரு தவளை முணுமுணுத்தது. இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் வெயில் ஏறியதும் குருவி தன் மூன்று கட்டளைகளை மீண்டும் ஏற்றியது. முயல்கள் கோரையைக் கடிக்கப் போயின. ஆமை கம்பத்தின் அடியில் வந்து படுத்துக்கொண்டது. கெட்டியான தண்ணீருக்கு அடியில் இருக்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்பது அதற்கு இன்னும் தெரியாது.

ஒரு கருவியிடம் நமக்கு வேண்டியது என்ன, அந்தக் கருவியால் எவ்வளவு தாங்க முடியும் என்று பார்த்தே தொகுப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாம் வேண்டுமென்று ஏற்றினால் வேண்டிய ஒன்றும் தவறிப் போகும்.

கார்த்திகை ஐந்தாம் நாள் வாத்துகள் திரும்பி வரும். மிச்சம் இருநூற்று முப்பத்தொன்பது நாள்.